இந்த மீன் எங்கிருந்து வந்தது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்திருந்தான். என் வரலாற்று வகுப்பில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன். இப்போது தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் பேப்பர் வேலைகளைப் பார்க்கிறான். காபி குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தான்.

“சார், இதுக்குப் பேரு கேட்ச் சர்டிபிகேட். ஐரோப்பாவுக்குக் கணவாய் அனுப்பணும்னா இது இல்லாம கன்டெய்னர் உள்ளே போகாது. எந்தப் படகு, அதோட பதிவு எண், என்ன மீன், எந்தக் கடல்ல பிடிச்சது, எத்தனை கிலோ, என்னைக்குக் கரைக்கு வந்தது, எல்லாம் எழுதணும். எம்பீடா ஆபீஸ்ல சரிபார்த்து முத்திரை வைப்பாங்க.”

“நல்லதுதானே தம்பி?”

“நல்லதுதான் சார். ஆனா சரக்கு நாலஞ்சு வியாபாரிங்ககிட்ட இருந்து வருது. இந்தத் தடவை நூறு கிலோ எந்தப் படகோடதுன்னு யாருக்கும் தெரியல. மேலே இருக்கிறவர் ‘ஏதாவது ஒரு படகு நம்பரைப் போட்டு முடிச்சு விடு’ங்கிறார். போட்டா என்ன சார்? கணவாய் கணவாய்தானே? நம்மளை அலைக்கழிக்க வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச பேப்பர்தானே இது?”

அன்று அவனுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. “யோசித்துச் செய்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாத வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்வதுதான் அது. அவன் போன பிறகு மனசு கேட்கவில்லை. அந்தத் தாள் எங்கே பிறந்தது, ஏன் பிறந்தது என்று தேடிப் படித்தேன். வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையொட்டிய குளிர்கடல்களுக்கு அது என்னைக் கூட்டிக்கொண்டு போனது. படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கதை ஒரு மீன் முள்ளில் தொடங்குகிறது.

ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லைக்கு அருகே, ஹைதாபு என்று ஒரு பழைய துறைமுகம் இருந்தது. வைக்கிங்குகள் காலத்துப் பெரிய சந்தை அது. 1066-இல் அழிந்துபோனது. அந்த மண்ணைத் தோண்டியபோது, அன்றைய மக்கள் தின்று போட்ட காட் மீன்களின் எலும்புகள் கிடைத்தன. காட் என்பது வட அட்லாண்டிக்கின் முக்கியமான உணவு மீன். வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு. அந்த எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து, 2017-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சில எலும்புகள் பக்கத்துக் கடல் மீனுடையவை அல்ல. வடக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு முட்டையிட வரும் காட் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த மீன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ சாப்பிட்டுவிட்டு எறிந்த முள், தான் எந்தக் கடலில் பிறந்தது என்று இன்று சாட்சி சொல்கிறது. மீன் பொய் சொல்வதில்லை, அதோடு சேர்த்து அனுப்பும் தாள்தான் சொல்கிறது. இது முதல் பாடம்.

சரி, குளிர்பெட்டியும் ரயிலும் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரம் மீன் எப்படிப் போனது? நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கருவாடுதான். ஆனால் நம் கருவாட்டுக்கு உப்பு வேண்டும், வெயில் வேண்டும். அவர்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் கூட்டம் கூட்டமாக லோஃபோட்டனுக்கு வரும். தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டு மீன்களை வாலோடு வால் சேர்த்துக் கட்டி, மரப்பரண்களில் தொங்கவிடுவார்கள். அந்தத் தீவுகள் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுவதால் குளிர்காலத்தில் தட்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். மீன் கெட்டியாக உறைந்து பாழாவதும் இல்லை, ஈ மொய்ப்பதும் இல்லை. காற்றே காயவைத்துவிடும். மே மாதத்தில் இறக்கும்போது எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகியிருக்கும். பலகை மாதிரி இருக்கும். ஆண்டுக்கணக்கில் கெடாது.

இதை வெளியுலகத்துக்கு விரிவாக எழுதிச் சொன்னவர்களில் ஒருவர் பியெட்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர். 1431-இல் கிரீட் தீவிலிருந்து திராட்சை மதுவும் வாசனைப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸ் நோக்கிக் கிளம்பினார். புயலில் கப்பல் போனது. 68 பேர் புறப்பட்ட கப்பலில் கடைசியில் மிஞ்சியவர்கள் 11 பேர். 1432 ஜனவரியில் லோஃபோட்டனின் தென்முனையில், ரோஸ்ட் தீவுக்குப் பக்கத்தில் கரை ஒதுங்கினார்கள். மீனவர்கள் அவர்களைக் கண்டுபிடித்து வீட்டில் வைத்துப் பல வாரம் சோறு போட்டார்கள். சோறு என்றால் மீன்தான். பலகையாகக் காய்ந்த அந்த மீனைக் கோடரியின் பின்புறத்தால் அடித்து நார் நாராக்கி, வெண்ணெயோடு சாப்பிடுகிறார்கள் என்று குவெரினி பிறகு எழுதிவைத்தார். அந்தத் தீவு மக்கள் மீனையே காசுபோலக் கொடுத்துப் பண்டம் வாங்கினார்கள் என்றும் எழுதினார். லோஃபோட்டன் காய்ந்த மீனை இன்றைக்கும் அதிகமாக வாங்குவது இத்தாலிதான்.

ரோஸ்ட் தீவிலிருந்து அந்த மீன் தெற்கே பெர்கன் நகரத்துக்குப் போகும். பெர்கன்தான் அன்றைய வடகடலின் மீன் மண்டி. 1360 வாக்கில் ஹான்ஸா என்ற ஜெர்மன் வணிகர் கூட்டமைப்பு அங்கே தன் கிளையை அமைத்தது. 1754 வரை, ஏறத்தாழ 400 ஆண்டுகள், அது நீடித்தது. அவர்கள் தானியம் கொண்டுவந்தார்கள், மீனை எடுத்துப் போனார்கள். வடக்கு நார்வேயில் கோதுமை விளையாது. மீனவனுக்கு மாவு வேண்டும், வணிகனுக்கு மீன் வேண்டும்.

பெர்கன் துறைமுகத்தில் 1955-இல் ஒரு தீ விபத்து நடந்தது. எரிந்த இடத்தை அகழ்ந்து பார்த்தபோது, ரூன் என்ற பழைய எழுத்து செதுக்கிய மரத்துண்டுகளும் எலும்புத்துண்டுகளும் 600-க்கும் மேல் கிடைத்தன. காதல் கடிதம், கணக்கு, கிண்டல் எல்லாம் உண்டு. அவற்றில் பல, சரக்கில் கட்டித் தொங்கவிட்ட சீட்டுகள். “நான் ஐஸ்டைனுக்குச் சொந்தம்” என்று ஒரு சீட்டு. சரக்கே பேசுவதுபோல எழுதியிருக்கிறார்கள். இன்றைய பார்கோடின் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சீட்டு என்ன சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சரக்கு யாருக்குச் சொந்தம் என்று சொன்னது. அதைப் பிடித்தவன் யார் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பிடித்தவனின் பெயர் வேறொரு இடத்தில் இருந்தது, வணிகனின் கடன் கணக்கில். இந்த ஆண்டு மாவு வாங்கிக்கொள், அடுத்த ஆண்டு மீனாகக் கொடு என்பது ஏற்பாடு. கடன் தீரும்வரை வேறு யாரிடமும் மீனை விற்க முடியாது. பல குடும்பங்களுக்குக் கடன் தீரவே இல்லை, அப்பன் பட்ட கடன் மகன் தலையில் ஏறியது. முன்பணம் வாங்கியவருக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை நம் கடற்கரைகளுக்கும் புதிதல்ல.

அடுத்து ஸ்காட்லாந்து. இது ஹெர்ரிங் மீனின் கதை. நம் மத்தி மாதிரி, கூட்டமாக வரும் கொழுப்பு மீன். உடனே உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்காவிட்டால் கெட்டுவிடும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பீப்பாயில் மீனை அடுக்கியவர் யார், எந்த ஆண்டு, என்ன தரம் என்று மீன்வளத்துறை அதிகாரி சோதிப்பார். சரியாக இருந்தால் கிரீட முத்திரையைச் சூட்டுக்கோலால் பீப்பாயில் சுடுவார். பால்டிக் கடலோரத் துறைமுகங்களில் இருந்த வியாபாரிகள் அந்த முத்திரையைப் பார்த்தே, மூடியைத் திறக்காமல் பணம் கொடுத்தார்கள்.

அந்த முத்திரைக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். மூன்று பேர் ஒரு குழு. இரண்டு பேர் மீனைக் கீறிக் குடல் எடுக்க, ஒருவர் பீப்பாயில் அடுக்க வேண்டும். மீன் கூட்டம் போகும் திசையில் துறைமுகம் துறைமுகமாக இவர்களும் போவார்கள். கத்தியும் உப்பும் விரலைத் தின்றுவிடாமல் இருக்கத் துணிக்கிழிசலை விரலில் சுற்றிக்கொள்வார்கள். 1907-இல் ஸ்காட்லாந்திலிருந்து 25 லட்சம் பீப்பாய் ஹெர்ரிங் ஏற்றுமதியானது. பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும்.

பிறகு 1914 வந்தது. ஜெர்மனி எதிரி நாடானது. 1917-இல் ரஷ்யாவில் புரட்சி. இரண்டு பெரிய சந்தைகளும் கைவிட்டுப் போயின. போர் முடிந்த பிறகும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. முத்திரையில் ஒரு குறையும் இல்லை, பீப்பாயில் மீனும் சரியாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. ஆகவே, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிவது நல்லதுதான். ஆனால் அதுமட்டுமே ஒரு தொழிலைக் காப்பாற்றிவிடாது. எல்லாச் சரக்கையும் இரண்டே வாசலில் இறக்கிவைத்தால், அந்த இரண்டு கதவும் மூடும் நாளில் நடுத்தெருதான்.

மறுபடி நார்வேக்கு வருவோம். 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் மீன் விலை சரிந்தது. லோஃபோட்டன் பக்கத்துப் பல மீனவக் கிராமங்களில் வீடு, படகுத்துறை, கடை எல்லாம் ஒரே முதலாளியின் சொத்து. அவர் சொன்னதுதான் விலை, அவர் போட்டதுதான் எடை. ஹான்ஸாக்காரர்கள் போய்ப் பல தலைமுறை ஆகியும் கடன் புத்தகம் மட்டும் போகவில்லை.

1938-இல் நார்வே நாடாளுமன்றம் பச்சை மீன் விற்பனைக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. படகிலிருந்து இறங்கும் மீனின் முதல் விற்பனை மீனவர்களே சேர்ந்து நடத்தும் விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். குறைந்தபட்ச விலையைச் சங்கம் முடிவுசெய்யும். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சீட்டு உண்டு. எந்தப் படகு, என்ன மீன், எவ்வளவு எடை, என்ன விலை, வாங்கியவர் யார் என்று எழுதி, விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

என் மாணவன் கொண்டுவந்த தாளின் தாத்தா இந்தச் சீட்டுதான் என்று நான் நினைக்கிறேன். சாப்பிடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இது பிறக்கவில்லை. பிடித்தவனை எடையிலும் விலையிலும் ஏமாற்றக் கூடாது என்று பிறந்தது. ஆகவே அதில் எழுதும் எண் சரியாக இருக்க வேண்டும் என்பதில் மீனவனுக்கே அக்கறை இருந்தது. எடை குறைத்து எழுதினால் அவன் கூலி போகும்.

இனி நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள தீவு. 1497-இல் ஜான் கபோட்டின் கப்பல் அந்தக் கடலுக்குப் போய்த் திரும்பியபோது, கூடையை இறக்கினாலே மீன் அள்ளலாம் என்று லண்டனில் பேசிக்கொண்டார்கள். அடுத்த 450 ஆண்டுகள் ஐரோப்பா அந்தக் கடலைத் தின்றது. சிறு படகும் தூண்டிலும் வலையும் இருந்தவரை கடலும் தாங்கியது. 1950-களில் பெரிய தொழிற்சாலைக் கப்பல்கள் வந்தன. இழுவை வலை, உள்ளேயே வெட்டி உறையவைக்கும் இயந்திரம், இரவும் பகலும் வேலை. 1968-இல் மட்டும் அங்கே பிடித்த காட் மீன் 8 லட்சம் டன்.

1977-இல் கனடா 200 கடல் மைல் வரை தன் கடல் என்று அறிவித்தது. அந்நியக் கப்பல்கள் விலகின. எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் அந்த இடத்துக்குக் கனடாவின் சொந்தப் பெரிய கப்பல்கள் வந்தன. இந்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அரசு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு முக்கிய ஆதாரம், பெரிய கப்பல்கள் ஒரு மணிநேரத்தில் எவ்வளவு பிடித்தன என்ற எண். அந்த எண் ஆண்டுதோறும் நன்றாகவே இருந்தது. ஏன் என்றால், மீன் குறையக் குறைய மிச்சம் இருந்த மீன்கள் ஓரிடத்தில் நெருங்கித் திரண்டன. ஒலிக்கருவி வைத்திருந்த கப்பல் நேராக அங்கே போய் வலையைப் போட்டது. வயல் காய்ந்துகொண்டிருக்கும்போது கடைசிக் குழியில் இறைத்த தண்ணீரை அளந்து, கிணறு நிரம்பியிருக்கிறது என்று எழுதியதுபோல. போதாததற்கு, விலைபோகாத குட்டி மீன்களைக் கப்பல்கள் கடலிலேயே கொட்டின. கொட்டியது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கரையோரச் சிறு மீனவர்களுக்கு 1980-களிலேயே தெரிந்துவிட்டது. வரும் மீன் குறைகிறது, வருவதும் சிறுத்துப்போகிறது என்று சொன்னார்கள். தாங்களே பணம் போட்டுத் தனியாக ஆய்வு செய்யவும் வைத்தார்கள். மேலே கேட்பார் இல்லை. அவர்கள் கண்ணில் பட்டதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

1992 ஜூலை 2. கனடா மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி, காட் பிடிப்பை நிறுத்துவதாக அறிவித்தார். இரண்டு ஆண்டுக்கு என்றார். ஏறக்குறைய 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். கனடா வரலாற்றில் ஒரே அடியில் அவ்வளவு பேர் வேலையிழந்தது அதுவரை இல்லை. மீன் பதப்படுத்தும் கூடங்கள் மூடின. கிராமம் கிராமமாக இளைஞர்கள் கிளம்பிப் போனார்கள். இரண்டு ஆண்டு என்று சொன்ன தடை 32 ஆண்டு நீடித்தது. 2024-இல்தான் அதை விலக்கி, 18,000 டன் பிடிக்க அனுமதித்தார்கள். 8 லட்சம் எங்கே, 18,000 எங்கே!

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மேலே எழுதக் கை வரவில்லை.

1980-களில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். என் வகுப்பில் ஏழு பையன்கள் தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டார்கள். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். மேலே இருந்தவர் சொன்னார், நான் எழுதினேன். ஏழு பேரும் தினமும் ‘வந்தார்கள்’. நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள், படிப்பை நிறுத்திய பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிவரக் கணக்கு எடுத்தார்கள். எங்கள் பள்ளி வரிசையில் பூஜ்யம் என்று இருந்தது. ஆகவே அந்த ஏழு பேரைத் தேடி யாரும் வரவில்லை. பதிவேட்டின்படி அவர்கள் வகுப்பில்தானே உட்கார்ந்திருந்தார்கள்.

நியூஃபவுண்ட்லாந்துக் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பூஜ்யம்தான் ஞாபகம் வந்தது. பொய்க் கணக்கு எழுதிய அன்று யாருக்கும் நஷ்டம் தெரியாது. உதவி வர வேண்டிய நாளில்தான் தெரியும், வழியை நாமே அடைத்துவிட்டோம் என்று.

நார்வேக்கும் இதே ஆபத்து வந்தது. 1980-களின் இறுதியில் பேரன்ட்ஸ் கடல் காட் வெகுவாகக் குறைந்தது. குட்டி மீன்களைக் கடலில் கொட்டுவதை அந்நாடு 1987-இலேயே தடைசெய்தது. பிடித்தால் கரைக்குக் கொண்டுவா, கணக்கில் ஏற்று என்றது. 1989 ஏப்ரலில், நல்ல பருவத்திலேயே, கடலோரப் படகுகளின் காட் பிடிப்பை நிறுத்தியது. மீனவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு முதல் படகுவாரியாக அளவு நிர்ணயித்தார்கள். கடலும் கைகொடுத்தது, அந்த அதிர்ஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். மீன் திரும்ப வந்தது. 2013-இல் அந்தக் கடலில் பிடிக்க அனுமதித்த அளவு 10 லட்சம் டன்னைத் தொட்டது.

இடையில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. பேரன்ட்ஸ் கடலை நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து நிர்வகிக்கின்றன. 1976 முதல், பனிப்போர் நடந்த காலத்திலும், இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஆண்டுதோறும் கூடி அளவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். 2000-க்குப் பிறகு, பிடித்த மீனை நடுக்கடலிலேயே குளிர்பதனக் கப்பலுக்கு மாற்றிவிட்டு, கணக்கில் காட்டாமல் ஐரோப்பியத் துறைமுகங்களில் இறக்கும் வேலை பெருகியது. 2005-இல் மட்டும் இப்படிக் கணக்கில் வராமல் போன காட் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அதில் கொஞ்சம் சீனாவுக்குப் போய், தோலும் முள்ளும் நீக்கிய துண்டாகி, மறுபடி ஐரோப்பாவுக்கே வந்து கடையில் உட்காரும். தலையும் தோலும் இல்லாத வெள்ளைத் துண்டைப் பார்த்து, எந்தப் படகு பிடித்தது என்று யார் சொல்ல முடியும்?

கடலில் துரத்திப் பிடிப்பது கடினம். அதனால் துறைமுகத்தில் கேள்வி கேட்க முடிவுசெய்தார்கள். 2007 மே 1 முதல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் ஒரு விதியைக் கொண்டுவந்தன. அந்நியக் கொடி பறக்கும் கப்பல் உறைந்த மீனை இறக்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் கொடிக்குரிய நாடு, ஆமாம், இந்தக் கப்பலுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, இந்த மீன் எங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது என்று உறுதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இறக்க முடியாது. இரண்டே ஆண்டில், 2009-க்குள், கணக்கில் வராத காட் ஏறக்குறைய இல்லாமல் போனது என்று மதிப்பீடு. சுடவில்லை, சிறையில் தள்ளவில்லை. வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் தனக்கு மீன் அனுப்பும் எல்லா நாடுகளிடமும் கேட்கத் தொடங்கியது. அப்படித்தான் பேரன்ட்ஸ் கடலில் புரிந்துகொண்ட பாடம், ஒரு படிவமாகித் தூத்துக்குடியில் என் மாணவனின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவன் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. தங்கள் கடல்களையும் பிறர் கடல்களையும் காலிசெய்த பிறகு ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. அதைக் கடைப்பிடிக்கும் செலவும் சிரமமும் நம் தலையில் விழுகின்றன. படிவம் கடலோர மீனவனிடம் எதையும் கேட்பதில்லை, அவனுக்கு எதையும் தருவதும் இல்லை. லோஃபோட்டன் மீனவனுக்கு அந்தச் சீட்டு கூலிக்குச் சாட்சி. நம் மீனவனுக்கு அது யாரோ எங்கேயோ நிரப்பும் தாள். இந்த வித்தியாசம் தீராதவரை யாராவது ஒருவர் “ஏதாவது ஒரு நம்பரைப் போடு” என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார். பிடித்தவனுக்கும் பயன்படும்படி அந்தத் தாள் மாற வேண்டும் என்பதே நான் இந்த வரலாற்றிலிருந்து புரிந்துகொண்டது.

எல்லாம் சரியாக எழுதினால் கடல் எப்போதும் நிறைந்திருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பேரன்ட்ஸ் கடலில் இப்போது மறுபடி காட் குறைந்திருக்கிறது. 2025-க்கு ஒதுக்கிய அளவு 3,40,000 டன், 1991-க்குப் பிறகு அதுவரை இல்லாத அளவுக்குக் குறைவு. ஆனால் குறைகிறது என்பது அவர்களுக்குத் தெரிகிறது. தெரிந்ததால் பிடிப்பைக் குறைக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

நேற்று என் மாணவனுக்கு போன் செய்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கூடவே அந்த ஏழு பையன்கள் கதையையும் சொன்னேன். வகுப்பில் ஒருநாளும் சொல்லாத கதை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “சார், அந்த ஏழு பேர்ல ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா?” என்று கேட்டான்.

“இரண்டு பேர், தம்பி. அவங்களா வந்தாங்க” என்றேன்.

அந்த நூறு கிலோவுக்கு என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பது இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குப் புரியும்.

கடலோர ஊர்க்காரர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் மீன் எடை போடும்போது சீட்டு யார் எழுதுகிறார்கள், யார் கையில் அது தங்குகிறது என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.